எந்த விளக்கு எப்போது அணைய வேண்டும்?

கொச்சியில் தொடங்கி மூணாறு, தேனி, மதுரை, சிவகங்கை வழியாக வரும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொண்டியில் வந்து முடிகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையும் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. இரண்டு பெரிய சாலைகள் சந்திக்கும் ஊர் என்றாலும், இங்கே ஓடாமல் நிற்கும் கார்களும் நிறைய. தொண்டி, நம்புதாளை, எஸ்.பி.பட்டினம், தேவிபட்டினம் என்று இந்தக் கரை நெடுக வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உழைப்பவர்களின் வீடுகள் இருக்கின்றன. வாங்கியவர் அக்கரையில் இருப்பார். கார் இங்கே கவர் போர்த்தி நிற்கும். அவர் விடுப்பில் வரும்போதோ, ஒரு கல்யாணத்துக்கோ, பெருநாளுக்கோ, அவசரமாக ஆஸ்பத்திரிக்கோதான் அதை வெளியே எடுப்பார்கள். அப்படிப் பல மாதம் கழித்துச் சாவியைத் திருப்பும்போது மீட்டரில் சிவப்பும் மஞ்சளுமாக விளக்குகள் எரிகின்றன. சிலர் பதறிப்போய் வண்டியையே தொடாமல் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் “ரொம்ப நாளா நின்ன வண்டி, ஓட ஓடச் சரியாயிடும்” என்று கிளம்பிவிடுகிறார்கள். முதலாமவருக்குப் பணம் விரயம். இரண்டாமவருக்கு உயிரே பணயம். இரண்டையும் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. இன்ஜினை எழுப்புவதற்கு முன்பே அந்த விளக்குகளை நிதானமாகப் படித்துவிட வேண்டும். அதைப் படிக்க மெக்கானிக் படிப்பு தேவையில்லை.

எந்த விளக்கு எரிகிறது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எப்போது அணைய வேண்டும் என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும். சாவியை ‘ஆன்’ வரை திருப்பி, செல்ஃப் அடிக்காமல் அப்படியே வையுங்கள். பொத்தான் வைத்த கார்களில் கிளட்ச்சையோ பிரேக்கையோ மிதிக்காமல் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் பெரும்பாலும் இதே நிலை வரும். இப்போது எச்சரிக்கை விளக்குகள் கிட்டத்தட்ட எல்லாமே எரியும்; எரியத்தான் வேண்டும். கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் நேரம் அது. ஏபிஎஸ் விளக்கு பல கார்களில் இரண்டு மூன்று விநாடியில் அணைந்துவிடும். ஏர்பேக் விளக்கு இன்னும் சில விநாடி எடுத்துக்கொள்ளும். சிவப்பு ஆயில் விளக்கும், சிவப்பு பேட்டரி விளக்கும், இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கும் அணையாமல் நிற்கும். இன்ஜின் சுற்றாதபோது ஆயில் அழுத்தமும் இல்லை, ஆல்டர்னேட்டரிலிருந்து மின்சாரமும் இல்லை. ஆகவே அவை எரிவது நியாயம். இன்ஜின் ஓடத் தொடங்கிய சில விநாடிகளில் இந்த மூன்றும் போய்விட வேண்டும். ஹேண்ட் பிரேக் விளக்கு அதை இறக்கியதும் போக வேண்டும். டீசல் கார் என்றால் சுருள் கம்பி போன்ற மஞ்சள் விளக்கு அணையும்வரை செல்ஃப் அடிக்கக் கூடாது. உள்ளே சூடேற்றும் பிளக்குகள் வேலை செய்துகொண்டிருக்கின்றன என்பதற்கு அது அடையாளம். இந்த வரிசை மனதில் இருந்தால் போதும், பாதிப் பதற்றம் தீர்ந்துவிடும்.

இந்தச் சோதனையில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. எரிய வேண்டிய நேரத்தில் எரியாத விளக்கு, அணைய வேண்டிய நேரத்தில் அணையாத விளக்கைவிட ஆபத்தானது. ஆயில் விளக்கு ‘ஆன்’ நிலையிலேயே எரியவில்லை என்றால், ஓடும்போது அழுத்தம் போனாலும் அது சொல்லப்போவதில்லை. இந்தியாவில் புதிதாக விற்கும் கார்களுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம்; 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். ஆகவே அதற்குப் பிறகு விற்ற கார் எதிலும் இந்த இரண்டு விளக்குகளும் எரிந்து அணைந்தாக வேண்டும். பழைய கார் வாங்குகிறவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். பழுதைச் சரிசெய்யாமல் விளக்கை மட்டும் வேலை செய்யவிடாமல் பண்ணி விற்கிறவர்களும் சந்தையில் இருக்கிறார்கள்.

நிறங்களுக்கு உலகம் முழுக்க ஒரே பேச்சுதான். ஐஎஸ்ஓ 2575 என்ற சர்வதேச நெறியும், அதையொட்டி நம் நாட்டில் வாகனங்களுக்கு வகுத்த ஏஐஎஸ் 071 நெறியும் படங்களை ஏறக்குறைய ஒன்றாக்கி வைத்திருக்கின்றன. சிவப்பு என்றால் நிறுத்து. மஞ்சள் என்றால் பார்த்துப் போ, சீக்கிரம் காட்டு. பச்சையும் நீலமும் வெறும் தகவல். சின்னக் கார்கள் பலவற்றில் வெப்பத்துக்கு முள் இல்லை, நீல விளக்குதான் இருக்கிறது. இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று அது சொல்கிறது, அவ்வளவே. இந்த நிற ஒழுங்கு நன்றாக ஓடும் காருக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும். நெடுநாள் நின்ற காரில் மட்டும் ஒரு சிக்கல் வருகிறது. அங்கே ஒரே காரணம் ஐந்தாறு விளக்குகளை எரிய வைத்துவிடும். அந்தக் காரணம் பெரும்பாலும் பேட்டரி.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். சிறிய பெட்ரோல் கார்களில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி சாதாரணம். பூட்டி நிற்கும் காரிலும் அலாரம், கடிகாரம், சாவியைத் தேடும் சென்சார், கணினிகளின் நினைவகம் என்று எப்போதும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அது 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். நல்ல நிலையில் உள்ள காருக்கே இது இயல்பான அளவு. ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. ஒரு மாதத்தில் 21-க்கு மேல். அதாவது, யாரும் தொடாமலேயே முப்பது நாளில் பேட்டரி பாதிக்கு மேல் காலி. இதோடு, பேட்டரி தானாகவே உள்ளுக்குள் சார்ஜ் இழப்பதும் உண்டு. வெயில் ஏற ஏற அந்த இழப்பு கூடும். ராமநாதபுரம் மாவட்டத்துக் கோடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காலியான நிலையிலேயே பேட்டரி கிடந்தால் அதன் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு திரும்பாது. ஊரில் ‘பேட்டரி உட்கார்ந்துவிட்டது’ என்று சொல்வது இதைத்தான்.

இப்படி உட்கார்ந்த பேட்டரியோடு செல்ஃப் அடிக்கும்போது நடப்பதைப் பார்ப்போம். ஸ்டார்ட்டர் மோட்டார் அந்த இரண்டு மூன்று விநாடிக்கு நூறு ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். நல்ல பேட்டரி அதைத் தாங்கும். அதன் வோல்டேஜ் பத்துக்குப் பக்கத்தில் இறங்கி உடனே மீளும். பலவீனமான பேட்டரி ஒன்பது, எட்டு என்று கீழே போய்விடும். இன்றைய காரில் பிரேக்குக்கு ஒரு கணினி, ஸ்டீயரிங்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று. வோல்டேஜ் அவ்வளவு இறங்கும்போது இவை ஒன்றோடொன்று பேச முடியாமல் தடுமாறி, ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு பிழையைக் குறித்துக்கொண்டு விளக்கைப் போட்டுவிடும். இன்ஜின் ஸ்டார்ட் ஆன பிறகும் ஏபிஎஸ், ஸ்டீயரிங் படம், சறுக்கல் தடுப்பு எல்லாம் சேர்ந்து எரிவது பெரும்பாலும் இப்படித்தான். இதிலிருந்து ஒரு நல்ல விதி கிடைக்கிறது. சம்பந்தமில்லாத பல மஞ்சள் விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தால் முதலில் பேட்டரியையும் எர்த்தையும் பாருங்கள். ஒரே ஒரு விளக்கு மட்டும் விடாமல் எரிந்தால் அது குறிக்கும் பாகத்தைப் பாருங்கள். ஐந்து விளக்கு எரிகிறது என்பதற்காக ஐந்து பாகம் கெட்டுவிட்டதாக நினைத்து, சென்சார்களை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்குவது வீண் செலவு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரை எந்த எலக்ட்ரீஷியனும் வைத்திருப்பார். வண்டியைத் தொடும் முன் பேட்டரியில் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் செல்ஃப் அடிக்காதீர்கள், சார்ஜ் போடுங்கள்.

எர்த்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடலுக்குத் தள்ளி நிற்கும் காருக்கும் கடலோரக் காருக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. காற்றில் வரும் உப்புத்துகள் பேட்டரி முனையிலும், எர்த் வயர் பாடியோடு சேரும் போல்ட்டிலும், பியூஸ் பெட்டியிலும் படியும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கசிந்துவிடும். கடற்கரை இரவுகளில் அந்த அளவு எளிதாக வந்துவிடுகிறது. மழையே பெய்யாத மாதத்திலும் துரு வளர்வதற்கு அதுதான் காரணம். இந்தக் கரையின் உப்புக்காற்று எப்படிப்பட்டது என்பதற்குப் பாம்பனைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 1914 பிப்ரவரி 24 அன்று திறந்த பழைய ரயில் பாலத்தில், அரிப்பும் முதுமையும் சேர்ந்து 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், பாலிசிலாக்ஸேன் என்ற தனிப் பூச்சும் பயன்படுத்த வேண்டியிருந்தது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம், துருவை ஆராய மண்டபத்தில் தனி நிலையம் வைத்திருக்கிறது. ஆய்வகமே தேடி வரும் அளவுக்குக் கடுமையான காற்று இது. அந்தக் காற்றில் எர்த் போல்ட்டில் துரு ஏறினால், பேட்டரி புதிதாக இருந்தாலும் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் திணறும். மீட்டரில் அதே விளக்குக் கூட்டம் வரும். பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நெகடிவ் முனையை முதலிலும் பாசிடிவை அடுத்தும் கழற்றி, வெந்நீரில் கரைத்த ஆப்ப சோடாவால் கழுவித் துடைத்து, திரும்ப மாட்டும்போது பாசிடிவை முதலில் இறுக்கி, மேலே வாசலின் தடவினால் போதும். பாடியில் எர்த் சேரும் இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி இறுக்குங்கள். கால் மணி நேர வேலை.

இவ்வளவும் மஞ்சள் விளக்குகளுக்கு. சிவப்புக்கு இந்தச் சலுகை கிடையாது. அதில் முதலாவது ஆயில் விளக்கு. இது ஆயிலின் அளவைக் காட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது காட்டுவது அழுத்தத்தை. மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்திருந்தாலும் குழாய் அடைத்திருந்தால் அடுப்படிக்கு வராது. அதுபோல ஆயில் அளவு சரியாக இருந்தாலும் பம்ப்போ வடிகட்டியோ தகராறு செய்தால் இன்ஜினின் மேல்பகுதிக்கு ஆயில் போகாது. பல மாதம் நின்ற வண்டியில் மேலேயிருந்த ஆயில் எல்லாம் கீழே இறங்கிக் கிடக்கும். ஸ்டார்ட் செய்ததும் விளக்கு வழக்கத்தைவிட ஓரிரு விநாடி கூடுதலாக எரிவது அதனால்தான். அந்த நேரத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்து முறுக்கக் கூடாது. ஐந்து விநாடியைத் தாண்டியும் எரிந்தால் இன்ஜினை உடனே நிறுத்துங்கள். டிப் ஸ்டிக்கை இழுத்து அளவு பாருங்கள். அளவு சரியாக இருந்து, மறுபடி ஸ்டார்ட் செய்தும் விளக்கு அணையவில்லை என்றால் வண்டியை ஓட்டக் கூடாது, இழுத்துப் போக வேண்டும். ஆயில் அழுத்தம் இல்லாத இன்ஜின் சில நிமிடங்களில் பியரிங்குகளைத் தின்றுவிடும்.

இரண்டாவது, பிரேக்கின் சிவப்பு விளக்கு. ஹேண்ட் பிரேக் இறக்காவிட்டாலும் எரியும், பிரேக் ஆயில் குறைந்தாலும் எரியும். ஹேண்ட் பிரேக் முழுக்க இறங்கியும் அணையவில்லை என்றால் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றி நிரப்புவதோடு விஷயம் முடியாது; எங்கே கசிந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். நிற்கும் காரில் பிரேக்குக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, ஈரம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது நெறி. ஈரம் ஏறியபின் அதே நெறி 155 டிகிரியோடு நின்றுவிடுகிறது. கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். மற்றொன்று, மாதக்கணக்கில் இழுத்து வைத்த ஹேண்ட் பிரேக். உப்பு ஈரத்தில் பின்சக்கரத்து பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் விளக்கு அணைந்துவிடும், ஆனால் சக்கரம் விடுபட்டிருக்காது. விளக்கு பார்ப்பது லீவரைத்தானே தவிர சக்கரத்தை அல்ல. வண்டி நகர மறுத்தாலோ, பின்னால் ‘டக்’ என்று சத்தம் கேட்டாலோ, கொஞ்ச தூரம் போய் சக்கரத்தருகே கருகிய வாடை வந்தாலோ அதை மீட்டர் சொல்லாது. இரண்டு விளக்குகள், பிரேக் சிவப்பும் ஏபிஎஸ் மஞ்சளும், சேர்ந்து எரிந்து அணையாமல் நின்றால் கிளம்பவே வேண்டாம். ஏபிஎஸ் மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கும், சக்கரம் பூட்டிச் சறுக்காமல் காக்கும் வசதி மட்டும் இல்லை. சக்கரத்தருகே உள்ள பல்சக்கர வளையத்தில் துரு ஏறியிருக்கலாம். மெதுவாகப் பட்டறை வரை போகலாம்.

மூன்றாவது பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு. இதைப் பற்றிய தவறான எண்ணம்தான் மிக அதிகம். பேட்டரி பலவீனமாக இருக்கிறது என்பதை இந்த விளக்கு சொல்வதில்லை. ஓடும் இன்ஜினிலிருந்து சார்ஜ் ஏறவில்லை என்பதைத்தான் சொல்கிறது. பலவீனமான பேட்டரியோடு இந்த விளக்கு ஒழுங்காக அணைந்துவிடும்; புத்தம்புதிய பேட்டரியோடு இது எரிந்துகொண்டே இருக்கலாம். இன்ஜின் ஓடும்போது இது எரிந்தால் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். மல்டிமீட்டர் அப்போது 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது என்று பொருள். சில பட்டறைகளில் இதைச் சோதிக்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி முனையைக் கழற்றிப் பார்ப்பார்கள். கார்புரேட்டர் காலத்து வழக்கம் அது. இன்றைய காரில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் திடீரென்று எகிறிக் கணினிகளையே எரித்துவிடக்கூடும். உங்கள் கண் முன்னால் யார் அதைச் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள். கடைசியாக, வெப்பத்தின் சிவப்பு. அதைப் பற்றி வாதமே இல்லை: ஓரமாக நிறுத்து, இன்ஜினை அணை, சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே.

இங்கே ஒரு மறுப்பு வரும். “நாங்கள்தான் வாரம் தவறாமல் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட விடுகிறோமே?” வீட்டில் இருக்கும் அத்தாவோ மாமாவோ அக்கறையோடு செய்யும் வேலை இது, அந்த அக்கறையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. முன்பு பார்த்த அதே காரில் ஒரு வாரத்தில் சுமார் 5 ஆம்பியர்-மணி போகிறது. நிற்கும் இடத்திலேயே ஓடும் இன்ஜினிலிருந்து பேட்டரிக்குத் தாராளமாக 10 ஆம்பியர் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து நிமிடத்தில் ஒரு ஆம்பியர்-மணிகூட வராது. அதில் செல்ஃபுக்குச் செலவானது வேறு கழிய வேண்டும். நாலில் மூன்று பங்குக்கு மேல் கடன் மிஞ்சுகிறது. இன்னொரு கேடும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. சூடான இன்ஜினும் சைலன்ஸரும் அதை வெளியே தள்ளிவிடும். ஐந்து நிமிடத்தில் எதுவும் சூடாவதில்லை. ஆவி சைலன்ஸருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் தண்ணீராகத் தங்கிவிடும். வாரந்தோறும் அக்கறையோடு துருவை ஊட்டுவதாக அது முடிகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, உரிமமுள்ள ஒருவர் திருவாடானை வரை ஓட்டிப்போய் வந்தால் பேட்டரியும் ஏறும், ஆயிலும் காயும், பிரேக் தட்டுகளின் துருவும் தேய்ந்து போகும். அதற்கு ஆள் இல்லை என்றால் ஸ்டார்ட் செய்யாமல் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றி வைப்பதே மேல்.

“ஓட ஓடச் சரியாயிடும்” என்பதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. பேட்டரி தடுமாற்றத்தால் வந்த மஞ்சள் விளக்குகள், நல்ல சார்ஜோடு ஒன்றிரண்டு முறை அணைத்து ஸ்டார்ட் செய்தால் தாமாகவே போய்விடலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு எரியும் சறுக்கல் தடுப்பு விளக்கு, ஸ்டீயரிங்கை இடக்கோடி வலக்கோடி திருப்பி நேராக்கினால் பல கார்களில் அணையும். இன்ஜின் விளக்கு சில நாள் ஓட்டத்துக்குப் பிறகுதான் அணையும். ஆனால் இந்த உண்மைக்கு எல்லை உண்டு. பேட்டரியும் எர்த்தும் சரி என்று உறுதியான பிறகும் எரியும் மஞ்சளை ஓட்டம் குணப்படுத்தாது. இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால், சிலிண்டரில் எரியாத பெட்ரோல் வெளியேறிக்கொண்டிருக்கிறது. அது சைலன்ஸர் வழியில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து, விலை உயர்ந்த அந்தப் பாகத்தைப் பாழாக்கும். அப்போது நிறுத்திவிட வேண்டும். எலி கடித்த வயரும், ஈரம் ஏறிய பெட்ரோலும் நின்ற வண்டியில் இதற்கு வழக்கமான காரணங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. டீசல் காரிலோ, வடிகட்டியில் தண்ணீர் சேர்ந்தால் அதற்கென்றே ஒரு விளக்கு எரியும். தண்ணீரை வடித்துவிடாமல் ஓட்டினால் இன்ஜெக்டர் போகும். ஸ்கேனர் போட்டு ‘கிளியர்’ செய்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், அழித்த பிழையின் எண்ணை முதலில் எழுதித் தரச் சொல்லுங்கள். விளக்கை அணைத்ததைப் பழுது பார்த்ததாக எடுத்துக்கொள்ள முடியாது.

கடைசி மறுப்பு கொஞ்சம் வலுவானது. “சென்சாரே கெட்டிருந்தால்? சிவப்பு விளக்கு பொய் சொல்லாதா?” சொல்லும். துரு ஏறிய ஒரு ஆயில் சுவிட்ச், அழுத்தம் சரியாக இருக்கும்போதே விளக்கை எரிய விடலாம். ஆனால் வண்டியில் உட்கார்ந்திருப்பவரால் பொய்யையும் மெய்யையும் பிரித்தறிய முடியாது. பட்டறையில் அழுத்தமானியை மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். பழைய பாம்பன் பாலத்தையே பாருங்கள்: அங்கே காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டியபோதெல்லாம் சிக்னல் தானாகச் சிவப்பானது, ரயில் நின்றது. அந்த வேகத்திலேயே பாலம் விழுந்துவிடும் என்பதற்காக அப்படி வைக்கவில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ரயிலைக் கடல் கொண்டுபோனதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. வீணாக நின்ற ரயிலால் போவது சில மணி நேரம். நிற்காமல் போன ரயிலால் போவதற்கு ஈடு இல்லை. பொய்யான சிவப்புக்கு நிறுத்தினால் உங்களுக்கு ஆகும் செலவு ஒரு இழுவை வண்டிக் கூலி. மெய்யான சிவப்பை மதிக்காமல் ஓட்டினால் இன்ஜின் போகும், பிரேக் என்றால் அதற்கு மேலும் போகும்.

இன்னொரு பக்கமும் சொல்லியாக வேண்டும்: எல்லா விளக்கும் அணைந்துவிட்டது என்பதால் வண்டி முழுக்கச் சரி என்று ஆகாது. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் அழுந்திக் கிடந்த டயரின் பக்கவாட்டு வெடிப்பை எந்த விளக்கும் காட்டாது. ‘இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது’ என்பது ரப்பருக்குத் தெரியாது. அது வெயிலில் வயதாகிக்கொண்டே இருக்கிறது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. அதைப் பார்த்துவிட்டு, காற்றையும் பிடித்துவிட்டுக் கிளம்புங்கள். இன்சூரன்ஸ் காலாவதி ஆனதற்கும் புகைச் சான்று முடிந்ததற்கும் மீட்டரில் விளக்கு கிடையாது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அதிகம் கோட்டை விடுவது இவற்றில்தான்.

ஆகவே, அக்கரைக்குக் கிளம்பும் அன்பர்களே, காரை விட்டுப் போகும்போது பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றி வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ரிமோட் சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை எடுத்து வீட்டாரிடம் காட்டுங்கள். பேட்டரி செத்த காரின் கதவை அதுதான் திறக்கும். எந்த விளக்கு எப்போது அணைய வேண்டும் என்று தமிழில் ஒரு தாளில் எழுதி, காருக்குள் வையுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பயணத்துக்கு வேண்டிய நாளில் வண்டியை முதன்முதலாக எடுக்காதீர்கள். முதல் நாள் பகலிலேயே கவரை எடுத்து, டயரையும் பேட்டரியையும் பார்த்து, சாவியை ‘ஆன்’ வரை திருப்பி விளக்குகளைப் பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து ஊருக்குள் ஒரு சுற்று போய் பிரேக்கை மிதித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு சிவப்பு அணையாமல் நின்றால் கல்யாண வீட்டுக்கும் விமான நிலையத்துக்கும் வாடகைக் காரில் போங்கள். உங்கள் காரை மெக்கானிக் வந்து பார்க்கட்டும்.